நடுவில் இருந்த மிரட்டல்

மிரட்டல் கடிதம் எழுதுகிறவன் எங்கேயாவது ஓரம் விட்டு எழுதுவானா? இவன் விட்டிருந்தான். இடப்பக்கம் ஒரு விரல், வலப்பக்கம் ஒரு விரல், மேலே இரண்டு விரல். பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய அடியில் பாதி இந்த ஓரத்துக்காக வாங்கியதுதான். அதனால் காகிதத்தைக் கையில் வாங்கியதுமே எனக்கு அது கண்ணில் பட்டது.

"ஒழுக்கமான திருடன் அத்தான்," என்றேன்.

"வாயை மூடிக்கிட்டுப் படி," என்றார் அத்தான்.

அத்தான் என்றால் என் அக்காவின் புருஷன். ஊருக்கு அவர் துப்பறிவாளர். நான் அவருடைய உதவியாளன். என் திறமையைப் பார்த்துக் கொடுத்த வேலை இல்லை இது. அக்கா மூன்று நாள் அவரோடு பேசாமல் இருந்தாள், நான்காம் நாள் எனக்கு வேலை கிடைத்தது. வெளி இடங்களில் 'சார்' என்று கூப்பிடச் சொல்வார். வீட்டில் லுங்கியோடு ரிமோட்டைத் தேடுகிற மனுஷனை சார் என்று கூப்பிட எனக்கு நாக்கு வரவில்லை.

எங்களை வரச் சொன்னவர் அந்த ஸ்டுடியோவின் தலைவி. அங்கே வேலை செய்த பதினோரு பேரும் அவரை சீஃப் என்றுதான் கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். நாற்பத்தைந்து வயது இருக்கும். கறுப்புச் சட்டை, கறுப்புப் பேன்ட், தூங்காத கண். துணிக் கம்பெனிகளுக்கு விளம்பரம் செய்வது அவர்கள் தொழில். ஆனால் விளம்பரம் என்று சொன்னதும் அவர் முகம் சுருங்கியது.

"நாங்க கதை சொல்றோம்," என்றார். "துணியை யாரும் வாங்கறதில்ல சார். கதையை வாங்கறாங்க, துணி கூட வருது."

"எங்க வீட்டுல கதை விடறது நான்தான்," என்றேன். "ஒரு நாளும் துணி கூட வந்ததில்ல."

அத்தான் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

விஷயம் இதுதான். பெண்களுக்கான கோட்டுத் தைக்கிற கம்பெனி ஒன்று இவர்களிடம் வேலை கொடுத்திருந்தது. இவர்கள் அதற்கு ஏழு படங்களில் ஒரு கதை செய்திருந்தார்கள். ஒருத்தி ஒரு நாள் காலையில் ஒரே ஒரு பையோடு, அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். கதவு, மாடிப்படி, பஸ் நிறுத்தம், பஸ் ஜன்னல், புது அறை, அலமாரி, முதல் நாள் வேலை. ஆறு படங்களில் அவள் முதுகும் கையும்தான் தெரியும். நாலாவது படத்தில், பஸ் ஜன்னலில், முகம் வரும். அந்த முகத்தைப் பார்த்த நிமிஷமே கோட்டு முதலாளி, போஸ்டர் இதுதான் என்று முடிவு கட்டிவிட்டார். எல்லா பஸ் நிலையங்களிலும் நாற்பதடி உயரம். இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு அவர் வந்து படத்தை வாங்கிக்கொண்டு நேராக அச்சுக்குப் போகிறார்.

போவதற்குப் படம் இல்லை. ஹார்ட் டிஸ்க்கை முந்தாநாள் சாயங்காலத்திலிருந்து காணோம். கம்ப்யூட்டரில் இருந்த பிரதியையும் யாரோ அழித்திருந்தார்கள்.

"பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார் அத்தான்.

சீஃப் சுவரைக் காட்டினார். பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது.

"நேத்து காலையில வாசல் சோபாவுல இந்த மூணு லெட்டரும் கிடந்தது," என்றார்.

முதல் கடிதத்தை நான் வாய்விட்டுப் படித்தேன். "'நாலாவது படத்தில் கோட்டின் நிறம் சற்று மங்கலாகத் தெரிகிறது. சரி செய்யவும். செய்யாவிட்டால் டிஸ்க் திரும்பி வர வாய்ப்பில்லை.' இது மிரட்டலா, லீவு லெட்டரா?"

"அடுத்தது."

"'நாலாவது படத்தில் உள்ள முகம் எங்கேயும் வரக் கூடாது. கதை இருக்கட்டும், முகம் போகட்டும். ஒப்புக்கொண்டால் மற்ற ஆறு படங்களும் பத்திரமாகத் திரும்பி வரும்.'"

"அடுத்தது."

"'ஸ்டுடியோவை இழுத்து மூடு. கோட்டுகளையெல்லாம் நடுத்தெருவில் குவித்துக் கொளுத்து. பதினோரு பேரும் கழுத்தில் அளவு நாடாவை மாட்டிக்கொண்டு அந்த நெருப்பைச் சுற்றி வந்து மன்னிப்புக் கேளுங்கள். இல்லையேல் ரத்த ஆறு ஓடும்.'" நான் காகிதத்தை மடித்தேன். "ரத்த ஆறு ஓடினா கீழ் மாடி பல் டாக்டருக்குத்தான் கெட்ட பேரு."

சீஃப் சிரிக்கவில்லை. "எங்களுக்குப் போட்டிக் கம்பெனி மூணு இருக்கு. ஆளுக்கு ஒண்ணா எழுதியிருப்பாங்கன்னு நினைக்கறேன்."

"மூணு எதிரியும் ஒரே கடையில பேப்பர் வாங்கி, ஒரே அளவு ஓரம் விட்டு, ஒரே சோபாவுல கொண்டாந்து போட்டாங்களா?" என்றேன். "அண்ணன் தம்பிகூட இவ்வளவு ஒத்துமையா இருக்கறதில்லையே மேடம்."

அத்தான் மூன்று கடிதங்களையும் சட்டைப் பைக்குள் வைத்தார். மணி ஒன்பதே முக்கால். கீழே பல் டாக்டரின் மெஷின் யாருடைய கடைவாயையோ குடைய ஆரம்பித்தது.

முதலில் நாங்கள் போனது கதை எழுதுகிறவரிடம். ஸ்டுடியோவில் அவர் பெயர் தாடி. அந்தத் தாடிக்குள் ஒரு பென்சில் செருகியிருந்தது. வேண்டுமென்றே வைத்ததா, மறந்துபோய் விட்டதா என்று கேட்க எனக்கு ஆசை, அத்தான் முந்திக்கொண்டார்.

"ஒரு கம்பெனிக்காரர் வந்தா உங்க வேலையை அவர்கிட்ட எப்படிக் காட்டுவீங்க?"

இதைக் கேட்க ஒரு ஆள் வர மாட்டானா என்று பத்து வருஷமாகக் காத்திருந்த மாதிரி தாடி எழுந்தார். அலமாரியிலிருந்து மூன்று அட்டைகளை எடுத்து மேஜைமேல் வரிசையாகப் பரப்பினார். ஏதோ செருப்புக் கம்பெனிக்குச் செய்தது.

"முதல் அட்டை: 'நடக்க நல்ல செருப்பு.' நடு அட்டை: 'உங்களுக்கு முன்னாடி இது வாசலுக்குப் போயிடும்.' மூணாவது பாருங்க, செருப்பே கிடையாது, வெறுங்கால்."

"செருப்புக்காரர் செருப்பாலயே அடிக்கலையா?" என்றேன்.

"அதுக்குத்தானே அது," என்றார் தாடி, கொஞ்சமும் கோபப்படாமல். "முதலாவது உப்புச்சப்பு இல்லாதது, வேணும்னே அப்படிச் செய்வோம். மூணாவது பைத்தியக்காரத்தனம், அதுவும் வேணும்னேதான். எங்களுக்கு வேண்டியது நடுவுல இருக்கறது. முதல் அட்டையைப் பாத்து கொட்டாவி விடுவாங்க, மூணாவதைப் பாத்து பயப்படுவாங்க, நேரா நடுவுல கை வெப்பாங்க. தானே பொறுக்கி எடுத்த மாதிரி சந்தோஷமா வேற போவாங்க."

"என்னிக்காவது ஒரே ஒரு அட்டையைக் காட்டினதுண்டா?"

"ஒண்ணா? அது அசிங்கம் சார். வீட்டுல மத்தியானம் என்ன சமைக்கட்டும்னு கேட்டாக்கூட மூணு சொல்லித்தான் எனக்குப் பழக்கம். இங்க எல்லாருக்குமே அப்படித்தான். சீஃப் ஊட்டி ஊட்டி வளர்த்தது."

அத்தான் மூன்று கடிதங்களையும் எடுத்துச் செருப்பு அட்டைகளுக்குப் பக்கத்தில் அதே மாதிரி பரப்பினார். தாடி குனிந்து படித்தார். தொழில் புத்தி யாரை விட்டது?

"முதல் லெட்டர்ல தெம்பே இல்ல. மூணாவதுல அந்த அளவு நாடா நல்ல ஐடியா, ஆனா ரத்த ஆறெல்லாம் பழசு சார், இப்ப யாரும் எழுதறதில்ல. நடுவுல இருக்கறது பரவால்ல. சுருக்கமா இருக்கு. கேக்கறதும் நியாயமா, கொடுத்துடலாம்னு தோணற மாதிரி..."

அவர் நிறுத்தினார். தாடியிலிருந்து பென்சில் கீழே விழுந்தது.

"சார், இது எங்க வீட்டுச் சமையல்," என்றார்.

"மூணு எதிரி இல்ல, ஒரே ஆள்," என்றார் அத்தான். "நிறத்தைப் பத்தியும் கவலையில்ல, நெருப்பைப் பத்தியும் கவலையில்ல. நாலாவது படத்துல இருக்கற முகம் வெளிய வரக் கூடாது, அவ்வளவுதான் வேணும். ஒரு மிரட்டலை ஒரே ஒரு மிரட்டலா அனுப்ப முடியல பாருங்க, பழக்க தோஷம். அந்த முகம் யாரு? மாடலா?"

"மாடலுக்கு அன்னிக்குக் கணுக்கால் பிசகிடுச்சு. வெளிச்சம் பாக்கறதுக்காக எங்க ஊசியக்காவைக் கோட்டு போட்டு ஜன்னலோரம் உக்கார வெச்சோம். கேமராக்காரர் சும்மா ஒரு தடவை அமுக்கினார். அது அப்படி விழுந்துடுச்சு."

"கதை உங்களுதா?"

"வாக்கியம் என்னுது. கதை சீஃப் சொன்னது. எங்கேயோ படிச்சேன்னாங்க." தாடி குரலைத் தாழ்த்தினார். "போஸ்டர் விஷயம் ஊசியக்காவுக்கு இன்னும் தெரியாது. ஆச்சரியமா இருக்கட்டும், யாரும் சொல்லாதீங்கன்னு சீஃப் சொல்லியிருக்காங்க. நீங்களும் சொல்லிடாதீங்க."

எனக்கு அப்போதே வழக்கு முடிந்துவிட்டது. யாருடைய முகமோ அவரே திருடி. நடைபாதையில் அத்தானிடம் சொன்னேன்.

"எப்படியோ தெரிஞ்சிருக்கும் அத்தான். கூச்ச சுபாவமா இருக்கும். டிஸ்க்கை எடுத்து ஒளிச்சுட்டாங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்."

"நீ சாப்பாட்டுக்குத்தான் துப்பறியற," என்றார் அத்தான்.

ஊசியக்காவின் அறை கடைசியில் இருந்தது. ஒரு ஜன்னல், இஸ்திரிப் பெட்டி, கம்பியில் தொங்கும் கோட்டுகள், நடுவில் தலையில்லாத ஒரு துணிப் பொம்மை. மாடல் ஒல்லியாக இருந்தால் சட்டையைப் பின்னால் மடித்து ஊசி குத்துவது, குண்டாக இருந்தால் தையலைப் பிரித்து ஊசி குத்துவது, இதுதான் அவர் வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும். மணிக்கட்டில் வாட்ச் மாதிரி ஒரு ஊசி மெத்தை, உதட்டுக்கிடையில் ஏழெட்டு ஊசிகள். ஊசியை எடுத்தால்தான் பேச்சு வரும் என்பதால் யோசித்துத்தான் பேசினார்.

"டிஸ்க்கை எங்க வெச்சீங்க?" என்றேன் நான், எடுத்த எடுப்பில்.

ஒவ்வொரு ஊசியாக மெத்தையில் குத்திவிட்டு, "எந்த டிஸ்கு?" என்றார்.

அத்தான் என்னைப் பார்த்த பார்வையில் நான் இரண்டு அடி பின்னால் போனேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஜன்னலோரம் உக்கார வெச்சு உங்களை ஒரு படம் எடுத்தாங்களேம்மா."

"ஆமா. லைட்டு பாக்க."

"அதுக்கு ஏதாவது கையெழுத்து வாங்கினாங்களா?"

"ஒவ்வொரு தடவை லைட்டுக்கு நின்னாலும் ஒரு பேப்பர் நீட்டுவாங்க. போட்டுடுவேன்."

"அந்தப் படம்தான் போஸ்டராகப் போகுது. இன்னிக்கு அச்சுக்குப் போறதா ஏற்பாடு."

ஊசியக்கா கையிலிருந்த ஊசியைக் கோட்டில் குத்தப் போனவர் அப்படியே நின்றார். "எவ்வளவு பெருசு?"

"நாற்பதடி."

"எங்க வெப்பாங்க?"

"பஸ் ஸ்டாண்டுல."

"எந்த பஸ் ஸ்டாண்டு?"

"எல்லா பஸ் ஸ்டாண்டும்," என்றேன் நான்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஊசி ஏதும் வாயில் இல்லாதபோதும் யோசித்துத்தான் பேசினார்.

"எங்க வீட்டுக்காரர் பஸ் ஓட்டறவர் சார்."

அத்தான் ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ரெண்டரை வருஷம் ஆச்சு, நானும் பொண்ணும் கிளம்பி வந்து. அவ ஆறாவது படிக்கறா. நாங்க எந்த ஊர்ல இருக்கோம்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா வருவார். வந்தா என்ன பண்ணுவார்னு கடைசியா வந்தப்பவே காமிச்சுட்டார்." இடது முழங்கையை அவர் தொட்டுக்கொண்டார். அந்தக் கை முழுசாக நீளவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். சற்று முன் அந்தக் கைக்காரியிடம் டிஸ்க் எங்கே என்று கேட்டதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

"இதையெல்லாம் இங்க யாருக்காவது சொல்லியிருக்கீங்களா?" என்றார் அத்தான் மெதுவாக.

"சேர்ந்த அன்னிக்கு சீஃப்கிட்ட சொன்னேன். அவங்ககிட்ட மட்டும்தான். காலையில ஒரே ஒரு பையோட கிளம்பினது, படியிறங்கினது, பஸ்ல ஜன்னலோரம் உக்காந்தது எல்லாம் சொன்னேன். கேட்டுட்டு அழுதாங்க. அன்னிக்கே வேலை போட்டுக் கொடுத்தாங்க. நல்லவங்க."

அத்தான் எழுந்தார். ஊசியக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"சார், அந்த டிஸ்க்கை நீங்க கண்டுபிடிக்காம இருக்க முடியுமா?"

"அதுல அத்தானுக்கு நல்ல அனுபவம் இருக்குக்கா," என்றேன். அவர் சிரிக்கட்டுமே என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் அத்தான் வேகமாக நடந்தார். அவர் வேகமாக நடந்தால் ஒன்று விடை தெரிந்திருக்கும், இல்லை பசித்திருக்கும்.

"யாருன்னு தெரிஞ்சுடுச்சா?"

"தெரிஞ்சுடுச்சு."

"தாடியா?"

"தாடிக்கு இந்தப் பொண்ணு கதை தெரியாதுடா. தெரியாதவன் எதுக்கு முகத்தை மறைக்கப் போறான்?"

"அப்ப ஊசியக்காதானே பாக்கி?"

"ஊசி குத்தறவங்க ஒரு இடத்துல ஒரு ஊசிதான் குத்துவாங்க. மூணு குத்திட்டு நடுவுல இருக்கறதை எடுத்துக்கோன்னு சொல்ல மாட்டாங்க."

சீஃபின் அறைக் கதவை அவர் தட்டவில்லை. நேராகப் போய் எதிரில் உட்கார்ந்தார்.

"டிஸ்க்கைக் கொடுங்க," என்றார்.

சீஃப் அவரையே பார்த்தார். நானும் அவரையே பார்த்தேன்.

"ரெண்டாவது லெட்டர்ல 'கதை இருக்கட்டும்'னு ஒரு வரி இருக்கு," என்றார் அத்தான். "திருட வந்தவனுக்குக் கதை இருந்தா என்ன, செத்தா என்ன? பெத்தவளுக்குத்தான் பிள்ளையை விட மனசு வராது. அந்த முகம் ஏன் வெளிய வரக் கூடாதுங்கறது இந்த ஆபீசுல ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும். அது நீங்கதான்னு ஊசியக்காவே இப்ப சொன்னாங்க."

சீஃப் கைப்பையைத் திறந்தார். கறுப்பாக, சோப்புக்கட்டி அளவு இருந்த டிஸ்க்கை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அத்தான்," என்றேன், "நம்மளை வேலைக்குக் கூப்பிட்டவங்களே திருடின்னா, நாம ஜெயிச்சோமா தோத்தோமா?"

"சும்மா இரு."

"இல்ல, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மேடம், நீங்களே எடுத்துட்டு எதுக்கு எங்களைக் கூப்பிட்டீங்க?"

"திருட்டு போச்சுன்னா தேடற மாதிரி இருக்கணுமே," என்றார் சீஃப். "போலீசைக் கூப்பிட்டா கண்டுபிடிச்சிடுவாங்க. துப்பறியும் ஏஜென்சி மூணு பாத்தேன். ஒருத்தர்கிட்ட மோப்ப நாய் இருந்தது. இன்னொருத்தர் என் கேள்விக்கு முன்னாடியே பதில் சொன்னார். மூணாவதுக்குப் போன் பண்ணி, தையல் கடையான்னு தெரியாத மாதிரி கேட்டேன். எடுத்தவர், 'இல்லீங்க, ஆனா தெரிஞ்ச கடை ஒண்ணு இருக்கு, நம்பர் தரட்டுமா'ன்னார். இவங்கதான் சரின்னு முடிவு பண்ணேன்."

அத்தான் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாததே பெரிய திட்டாக இருந்தது.

"முதலாளிகிட்ட நேரா சொல்லியிருக்கலாமே," என்றார் சீஃபிடம்.

"சொல்லிப் பாத்தேன். அந்தப் பொண்ணு பயந்த சுபாவம், வேற படம் வெப்போம்னேன். 'பயமா? கண்ணுல தெரியுது, அருமை, அதையும் கதையில சேருங்க'ன்னார். அவ புருஷன்கிட்டேயிருந்து ஒளிஞ்சிருக்கான்னு முழுசா சொன்னேன்னு வெச்சுக்கங்க. உண்மைக் கதைன்னு போஸ்டர் தலையிலேயே போடுவார். உண்மையைவிட நல்லா விக்கற சரக்கு எங்க தொழில்ல கிடையாது சார். அதான் அவர்கிட்ட உண்மையைச் சொல்ல முடியல. மூணு லெட்டரையும் இன்னிக்கு அவர் முன்னாடி வெச்சா நேரா நடுவுல கை வெப்பார்னு நினைச்சேன்." அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "தப்பு என்னோடதுதான். அவ சொன்னப்ப நான் நெஜமாவே அழுதேன். அழுதுகிட்டே நோட்டுல எழுதிக்கிட்டேன்."

வேலியே பயிரை மேய்ந்த கதை என்று நிறையக் கேட்டிருக்கிறேன். மேய்ந்துவிட்டு வேலியே ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருந்ததை இப்போதுதான் பார்க்கிறேன். பாவமாகவும் இருந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

"அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார் அத்தான்.

"கேட்டா பயந்துடுவா."

"அவங்க ரெண்டரை வருஷமா தினமும் பயந்துகிட்டுதான் இருக்காங்க. நீங்க கேக்காததால ஒண்ணும் குறையல. கூப்பிடுங்க அவங்களை."

அதற்குள் யாரோ பின்னாலிருந்து என் சட்டைக் காலரைப் பிடித்தார்கள். இரண்டு விரலால் துணியை உரசிப் பார்த்துவிட்டு, "இதைத் தெரிஞ்சேதான் வாங்கினீங்களா?" என்று ஒரு குரல் கேட்டது. கோட்டு முதலாளி. சிரித்த முகம், வெள்ளைத் தலை, எல்லார் சட்டையையும் தொட்டுப் பார்க்கிற கை. மணி பதினொன்று நாற்பது. இருபது நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார்.

அத்தான் தன் அகலமான கையைத் தூக்கி டிஸ்க்கின் மேல் சாவகாசமாக வைத்துக்கொண்டார்.

"நேத்து போன்ல சொன்னீங்களே, அந்த டிஸ்க் கிடைக்கலைன்னா விடுங்க, கவலையே வேண்டாம்," என்றார் முதலாளி, உட்கார்ந்துகொண்டே. "இன்னிக்குக் காலையிலதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. எடுத்த அன்னிக்கே அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்பினீங்களே. அச்சுக்காரன்கிட்ட காட்டினேன். நாற்பதடிக்கு இழுத்தாலும் தாங்கும்னுட்டான்."

மூன்று கடிதம், ஒரு திருட்டு, இரண்டு துப்பறிவாளர்கள், எல்லாம் ஒரு போனுக்கு முன்னால் விழலுக்கு இறைத்த நீர்.

"அச்சுக்காரர்கிட்ட கொடுத்துட்டீங்களா?" என்றார் அத்தான்.

"காட்டினேன், கொடுக்கல. இங்கேருந்து போய்த்தான் அனுப்பணும்."

சீஃப் தொண்டையைக் கனைத்தார். "போஸ்டருக்கு வேற மூணு யோசனை வெச்சிருக்கேன்..."

அதற்குமேல் நான் நிற்கவில்லை. கடைசி அறைக்கு ஓடினேன். ஊசியக்கா அதே தரையில், அதே இடத்தில் இருந்தார்.

"அக்கா, டிஸ்க் கிடைச்சுடுச்சு. அதனால ஒரு புண்ணியமும் இல்ல. படம் முதலாளி போன்லயே இருக்கு. அங்க எல்லாரும் உங்களைப் பத்தித்தான் பேசறாங்க. உங்களைத் தவிர எல்லாரும்."

அவர் எழுந்தார். மணிக்கட்டிலிருந்த ஊசி மெத்தையைக் கழற்றி இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். எனக்கு முன்னால் நடந்தார்.

அறைக்குள் சீஃப் இரண்டாவது யோசனையில் இருந்தார். ஊசியக்கா கதவருகிலேயே நின்றுகொண்டு சொன்னார்.

"ஐயா, அந்தப் படம் வேண்டாம்."

முதலாளி திரும்பினார். போனைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்தது. "நீதானாம்மா இது? இப்படி ஒரு முகத்தை நான் ரெண்டு வருஷமா தேடினேன் தெரியுமா? உக்காரும்மா."

"வேண்டாங்கய்யா. படமும் வேண்டாம்."

"ஏம்மா? என்ன காரணம், சொல்லேன்."

"காரணம் சொன்னா அதையும் கதையாக்கிடுவீங்க."

சீஃப் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது.

"அதுக்கில்லம்மா," என்றார் முதலாளி, குரல் கொஞ்சம் இறங்கி. "நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததா சொன்னாங்க. அதை நம்பித்தானே நான் எல்லா ஊர்லயும் இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்?"

"அது லைட்டுக்கு நின்னதுக்குப் போட்ட கையெழுத்து," என்றார் சீஃப். எழுந்து நின்றிருந்தார். "போஸ்டருக்கு அவகிட்ட நான் கேக்கவே இல்ல. கேட்டேன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். டிஸ்க்கும் திருட்டு போகல, நான்தான் எடுத்தேன்."

அத்தான் கையைத் தூக்கினார். முதலாளி டிஸ்க்கைப் பார்த்தார்.

"மூணு வருஷமா உங்களை நம்பி வேலை கொடுக்கறேன்," என்றார்.

"இனிமே கொடுக்க வேண்டாம் சார். ஆனா இந்தப் படம் போகக் கூடாது."

முதலாளி ரொம்ப நேரம் தன் கோட்டின் பொத்தானைத் திருகினார். விட மனசில்லை, தெரிந்தது. "முகத்தைக் கம்ப்யூட்டர்ல கொஞ்சமா மாத்தி, மூக்கை மட்டும் வேற மாதிரி வெச்சு..."

"கோட்டு உங்களுதுங்கய்யா," என்றார் ஊசியக்கா. "மூஞ்சி என்னுது."

கையை நீட்டினார். வலது கை. விரல் நுனி பூரா ஊசி குத்திய புள்ளிகள். முதலாளி ஆயுசு பூரா தையல்காரர்களோடு இருந்தவர், அந்த விரல்களைப் பார்த்ததும் என்ன நினைத்தாரோ, போனை அந்தக் கையில் வைத்தார்.

"ஆறு படத்தோட போறேன்," என்றார் சீஃபிடம். "உங்க விஷயத்தை நாளைக்குப் பேசறேன்."

சீஃப் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் செருகி, நாலாவது படத்தை ஊசியக்காவின் கண் முன்னாலேயே அழித்தார். போனில் இருப்பதுதான் பாக்கி. ஊசியக்கா அதைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

"நான் இதைப் பாக்கவே இல்லையே," என்றார்.

இரண்டு விரலால் பெரிதாக்கினார். நானும் அப்போதுதான் அதைப் பார்த்தேன். பஸ் கிளம்பிவிட்டது, இனிமேல் யாரும் தன்னை இறக்கிவிட முடியாது என்று அந்த நிமிஷம் தெரிந்துகொண்ட ஒரு முகம். முதலாளி அடம்பிடித்ததில் தப்பே இல்லை.

"நல்லாத்தான் இருக்கேன், இல்ல?" என்று என்னிடம் கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கீங்கக்கா," என்றேன்.

அழித்தார். போனை முதலாளியிடம் நீட்டப் போனபோது அத்தான் செருமினார்.

"அழிச்சது உள்ள இன்னொரு இடத்துல முப்பது நாளைக்கு இருக்கும்மா. அங்கேயும் போய் அழிக்கணும்." இது அவருக்கு எப்படித் தெரியும் என்று என் அக்காவைக் கேட்டால் சொல்வாள்.

அவரே அந்த இடத்தைத் திறந்து காட்டினார். பழைய துணி பில்களுக்கும் யாரோ ஒரு குழந்தையின் பல் இல்லாத சிரிப்புக்கும் நடுவில் அந்த ஜன்னல் முகம் தபால்தலை அளவில் இருந்தது. ஊசியக்கா அதைத் தொட்டார். மறுபடி பெரிதாக வந்தது.

"இன்னும் ஒரு தடவை பாத்துக்கட்டுமா?" என்றார், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் எல்லாரையும் பார்த்து.

"உங்க படம்மா," என்றார் அத்தான். "எவ்வளவு நேரம் வேணாலும் பாருங்க."

மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அச்சுக்குப் போக வேண்டிய முதலாளிகூட வாட்சைப் பார்க்கவில்லை. ஊசியக்கா பார்த்து முடிக்கும்வரை நாங்கள் நாலு பேரும் நின்றுகொண்டிருந்தோம். அப்புறம் அவரே அமுக்கினார்.